உரிமையாளர் தகவல் எங்கே குடியிருக்கிறது: யோக்டோவின் சூடோ டேட்டாபேஸும் 2020 மாற்றமும், ஒரு நிகழ்வு ஆய்வு

எம்பெடட் லினக்ஸ் போர்டுக்கு ரூட் ஃபைல்சிஸ்டம் கட்டுகிறவர்கள் டூல்செயின், கெர்னல் கான்ஃபிக், டிவைஸ் ட்ரீ என்று நிறையப் பேசுவார்கள். பில்ட் டூல் தன் வசதிக்காக ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளும் குட்டி டேட்டாபேஸ்களைப் பற்றிப் பேச்சே வராது, பில்ட் பாதியில் நின்று தொலைக்கும் நாள் வரை. எம்பெடட் லினக்ஸ் இமேஜ் கட்டும் கருவித்தொகுப்பான யோக்டோவில் அப்படி ஒன்று ஒவ்வொரு ரெசிப்பியின் (ஒரு மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் குறிப்பின்) ஒர்க் டைரக்டரிக்குள்ளும் இருக்கிறது. "சூடோ" என்ற ஃபோல்டர், அதற்குள் ஃபைல்ஸ்.டிபி என்ற எஸ்கியூலைட் கோப்பு. (நிர்வாகி உரிமை வாங்க டெர்மினலில் அடிக்கும் கட்டளையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது தனி மென்பொருள்.) போர்டில் போய் உட்காரப்போகும் கோப்புகளில் எது யாருக்குச் சொந்தம், எதற்கு செட்யூஐடி பிட் (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளருடைய அதிகாரத்தோடு ஓடவைக்கும் அடையாளம்) உண்டு, எது டிவைஸ் நோட் (ஒரு ஹார்டுவேரைக் குறிக்கும் விசேஷக் கோப்பு) என்பதெல்லாம் பில்ட் நடக்கும்போது இந்த ஒரு கோப்பில்தான் இருக்கிறது.

2020 அக்டோபரில் வந்த யோக்டோ 3.2, அதாவது கேட்ஸ்கார்த் பதிப்பு, இந்த டேட்டாபேஸ் விஷயத்தில் பழைய வழக்கத்தை மாற்றியது. டிஸ்க்கில் இருப்பதும் டேட்டாபேஸ் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் ஊகித்துக்கொண்டு ஓடாதே, அங்கேயே நிறுத்து என்று முடிவு செய்தார்கள். அந்த மாற்றம் வந்தபோது பலருடைய பில்டும் உடைந்தது, பலருக்குக் கோபம். அவர்கள் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், இந்த டேட்டாபேஸ் எதற்கு

போர்டில் ஷேடோ பாஸ்வேர்டு கோப்பு ரூட்டுக்கு (நிர்வாகி யூசருக்கு) சொந்தமாக இருக்க வேண்டும், மஸ்கிட்டோ மாதிரி செய்திகளைக் கைமாற்றும் ஒரு புரோக்கரை வைத்தால் அதன் டேட்டா ஃபோல்டர் அந்தத் தனி யூசருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஆனால் பில்ட் செய்வதோ சாதாரண யூசராக. சாதாரண யூசரால் ஒரு கோப்பை ரூட்டுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, டிவைஸ் நோட் உருவாக்க முடியாது. ரூட்டாகவே பில்டை ஓட்டினால் ஒரு மேக்ஃபைலில் தவறான பாத் இருந்தால் போதும், உங்கள் லேப்டாப்பின் லைப்ரரிகளே மாறிவிடும். யோக்டோவின் பில்ட் டூலான பிட்பேக், ரூட்டாக ஓட்டினால் ஆரம்பத்திலேயே மறுத்துவிடுவது அதனால்தான்.

இதற்கான பழைய வழி ஃபேக்ரூட், டெபியன்காரர்கள் தொண்ணூறுகளிலிருந்தே பயன்படுத்துவது. எல்டி_பிரீலோட் மூலம் ஒரு லைப்ரரியை புரோகிராமுக்கு முன்னால் நுழைத்து, சோன் (உரிமையாளரை மாற்றுவது), ஸ்டாட் (கோப்பின் தகவலைக் கேட்பது) மாதிரி அழைப்புகளை வழிமறித்து, "ஆமாம், இது ரூட்டுக்குச் சொந்தம்தான்" என்று பொய்யான பதில் சொல்லும். சூடோவும் அதே உத்திதான். விண்ட் ரிவரில் பீட்டர் சீபாக் எழுதியது. பெரிய வித்தியாசம் எங்கே என்றால், ஃபேக்ரூட் வழக்கமாக ஒரு செஷன் முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். பிட்பேக்கில் அது போதாது. பில்ட் பல டாஸ்க்குகளாக ஓடும்: டூ_இன்ஸ்டால் இப்போது ஓடும், டூ_பேக்கேஜ் நாளைக் காலை வேறொரு புராசஸில் ஓடலாம், இரண்டுக்கும் நடுவில் மெஷினே ரீபூட் ஆகியிருக்கலாம். அதனால் சொன்ன பொய்யை டிஸ்க்கில் எழுதி வைத்தாக வேண்டும். அதுதான் ஃபைல்ஸ்.டிபி.

எஸ்கியூலைட் கட்டளைக் கருவியில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள், எளிமையான டேபிள்தான். ஒவ்வொரு வரிசையிலும் பாத், டிவைஸ் எண், ஐநோட் எண் (ஃபைல்சிஸ்டம் ஒவ்வொரு கோப்புக்கும் கொடுக்கும் எண்), யூஐடி, ஜிஐடி (யூசர், குரூப் எண்கள்), மோட் (கோப்பின் வகையும் அனுமதிகளும்), டிவைஸ் நோட் என்றால் அதன் எண். மோட் தசம எண்ணாக இருக்கும். 33188 என்று தெரிந்தால் அது 0644 உள்ள சாதாரண கோப்பு, 16877 என்றால் 0755 உள்ள டைரக்டரி, 35309 என்றால் கவனமாகப் பாருங்கள், அது 4755, செட்யூஐடி போட்ட பைனரி. ஃபைல் கேப்பபிலிட்டி மாதிரி எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டுகளுக்குத் தனி டேபிள் உண்டு.

ஐநோட் எண்ணும் சாவியில் ஒரு பகுதி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான்.

எப்படி உடைகிறது

ஒரு உதாரணத்தை அருகிலிருந்து பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் போட்டவை. டூ_இன்ஸ்டால் சூடோவுக்குள் ஓடுகிறது. அது எங்கோ ஒரு மூலையில், பில்ட் டைரக்டரிக்குள்ளேயே, "ஹெல்பர்" என்று ஒரு கோப்பை உருவாக்கி 4755 போடுகிறது. ஃபைல்சிஸ்டம் அதற்கு 1311247 என்ற ஐநோட்டைக் கொடுக்கிறது. சூடோ எழுதிக்கொள்கிறது: 1311247, யூஐடி 0, மோட் 35309.

பிறகு நீங்கள் சோர்ஸை மாற்றி மறுபடி கம்பைல் செய்கிறீர்கள். டூ_கம்பைல் சூடோவுக்குள் ஓடுவதில்லை, அதற்கு அந்த வேஷம் தேவையும் இல்லை. மேக் கிளீன் ஓடி ஹெல்பரை அழிக்கிறது. சூடோ அதைப் பார்க்கவே இல்லை. டேட்டாபேஸில் வரிசை அப்படியே நிற்கிறது. இஎக்ஸ்டி4 காலியான ஐநோட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்காது, அடுத்து அதே வட்டாரத்தில் உருவாகும் கோப்புக்கு அதையே தூக்கிக் கொடுத்துவிடும். மறுபடி டூ_இன்ஸ்டால் வரும்போது, 1311247 என்ற எண் இப்போது இமேஜ் டைரக்டரிக்குள் இருக்கும் ஏதோ ஒரு கான்ஃபிக் கோப்புக்கு. சூடோ தேடிப் பார்க்கிறது: இந்த எண் என்னிடம் இருக்கிறதே, ஆனால் பாத் வேறாக இருக்கிறதே?

2020-க்கு முன் இந்த இடத்தில் அது சூடோ.லாக் கோப்பில் "பாத் மிஸ்மேட்ச்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, தன்னால் முடிந்தவரை சமாளித்துக்கொண்டு மேலே போய்விடும். அந்த லாகை யார் திறந்து பார்க்கிறார்கள்? ஒருவரும் இல்லை. பில்ட் பச்சை. இமேஜ் தயார். உள்ளே ஒரு கோப்பின் உரிமையோ மோடோ தவறு.

இதில் மோசமான விஷயம், தவறு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். ஐநோட் ஒதுக்கீடு எந்த வரிசையில் நடக்கிறது, எத்தனை டாஸ்க் ஒரே நேரத்தில் ஓடுகிறது, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் மெஷினில் வராது, சிஐ சர்வரில் (தானாக பில்ட் ஓட்டும் சர்வரில்) வரும், திருப்பி ஓட்டினால் காணாமல் போகும். ஆட்கள் என்ன செய்வார்கள்? திருப்பி ஓட்டுவார்கள், பச்சை வந்ததும் மறந்துவிடுவார்கள். யோக்டோவின் பேக்கேஜ் சோதனைகளில் "ஹோஸ்ட் யூசர் கன்டாமினேட்டட்" என்று ஒரு எச்சரிக்கை உண்டு, பில்ட் ஓட்டும் யூசரின் யூஐடி பேக்கேஜுக்குள் கசிந்தால் கத்தும். எப்போதாவது வந்து தானாகப் போகும் அந்த எச்சரிக்கையைப் பார்த்தவர்கள் உண்டு என்றால், ஒரு முறையாவது இந்த டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனை பிடிப்பது ஒரே ஒரு வகைக் கசிவை. 0644 ஆக இருக்க வேண்டியது 4755 ஆகிவிட்டால் அது பிடிக்காது.

3.2-இல் செய்த இரண்டு வேலைகள்

முதலாவது, எதை டேட்டாபேஸில் எழுத வேண்டும் என்பதைக் குறைத்தார்கள். அதுவரை சூடோவுக்குள் ஓடும் எதுவும் எங்கே ஒரு கோப்பைத் தொட்டாலும் அது பதிவாகும். சோர்ஸ் டைரக்டரி, பில்ட் டைரக்டரி, லாக் எழுதும் இடம், எஸ்ஸ்டேட் டைரக்டரி (முடிந்த டாஸ்க்குகளின் வெளியீட்டை மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைக்கும் இடம்), எல்லாம். இவற்றின் உரிமையாளர் யார் என்று இமேஜுக்குக் கவலையே இல்லை. அதனால் சூடோ_இக்னோர்_பாத்ஸ் என்று ஒரு வேரியபிள் வந்தது. அதில் உள்ள பாத்துகளை சூடோ கண்டுகொள்ளாது. மேலே சொன்ன ஹெல்பர் இப்போது டேட்டாபேஸுக்குள் நுழையவே முடியாது. கூடவே வேகமும் கொஞ்சம் கூடும், ஏனென்றால் ஒவ்வொரு பதிவுக்கும் சூடோ சர்வரோடு ஒரு முறை சாக்கெட்டில் பேசி வர வேண்டும், அது மிச்சம்.

இரண்டாவது, பாத் மிஸ்மேட்ச் வந்தால் பில்டை அபார்ட் செய்தார்கள், அதாவது பாதியிலேயே நிறுத்தினார்கள். இதற்குத்தான் திட்டு விழுந்தது. வருடக்கணக்காக "ஓடிக்கொண்டிருந்த" லேயர்கள் (ரெசிப்பித் தொகுப்புகள்) ஒரே நாளில் நின்றன. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த லேயர்களில் தவறு அன்று புதிதாக வரவில்லை, அன்றுதான் வெளியே தெரிந்தது. ஆயிரக்கணக்கான டிவைஸுக்குப் போகும் இமேஜில் செட்யூஐடி எங்கே விழும் என்று தெரியாமல் இருப்பதைவிட ஒரு நாள் பில்ட் நிற்பது எவ்வளவோ மேல். பிறகு இந்த ஏற்பாடு நீண்டகால ஆதரவுப் பதிப்பான 3.1 டன்ஃபெல்லுக்கும் பின்னோக்கிக் கொண்டுபோகப்பட்டது. பழைய பதிப்பில் தங்கியவர்களுக்கும் இது அவசியம் என்று அவர்கள் நினைத்ததற்கு அதுவே சாட்சி.

இந்த அபார்ட் உங்களுக்கு வந்தால், லாகில் இருக்கும் வரியை நிதானமாகப் படியுங்கள். ஐநோட் எண் இருக்கும், "டிபி" என்று ஒரு பாத், "ரெக்" என்று ஒரு பாத். எல்லோரும் ரெக் பாத்தைப் பிடித்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், ஏனென்றால் இப்போது உடைந்தது அது. குற்றவாளி பெரும்பாலும் டிபி பாத்தில் இருப்பவர். அந்தக் கோப்பை சூடோவுக்குள் உருவாக்கியது எந்த டாஸ்க், சூடோவுக்கு வெளியே அழித்தது யார், இந்த இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்தால் வேலை முடிந்தது.

வழக்கமாகக் கிடைக்கும் விடை இப்படி இருக்கும். ரூட்ஃபைல்சிஸ்டம் தயாரான பிறகு ஓடும் போஸ்ட்பிராசஸ் ஃபங்ஷனில் யாரோ ஒருவர் வெர்ஷன் தகவலை டாப் டைரக்டரிக்குக் கீழே தன் சொந்த ஃபோல்டரில் எழுதியிருப்பார். டூ_ரூட்எஃப்எஸ் சூடோவுக்குள் ஓடுவதால் அது பதிவாகிவிடும். அப்புறம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரைத் துடைத்துவிடும். சரியான தீர்வு, அந்தக் கோப்பை இமேஜ் டிப்ளாய் டைரக்டரியில் எழுதுவது. அது ஏற்கெனவே இக்னோர் பட்டியலில் இருக்கிறது. அது முடியாவிட்டால் அந்த ஃபோல்டரைப் பட்டியலில் சேர்க்கலாம். சேர்க்கும்போது ஒரு விஷயம்: ஒப்பீடு பாத்தின் ஆரம்பத்தை மட்டும்தான் பார்க்கும். "அவுட்" என்று முடியும் பாத்தைச் சேர்த்தால் பக்கத்தில் இருக்கும் "அவுட்புட்" டைரக்டரியும் சேர்ந்து போய்விடும். கடைசியில் சாய்கோடு போட்டு முடியுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. எரர் போக வேண்டும் என்று இமேஜ் டைரக்டரியையோ ரூட்ஃபைல்சிஸ்டம் டைரக்டரியையோ இக்னோர் பட்டியலில் போடுவது. எரர் போய்விடும். கூடவே உரிமையாளர் தகவலும் போய்விடும்.

மின்சாரம் போனால்

சூடோவின் எஸ்கியூலைட் அமைப்பில் சிங்க்ரனஸ் என்ற பிராக்மா ஆஃப் செய்யப்பட்டிருக்கிறது. அதாவது எழுதிய ஒவ்வொன்றும் உண்மையில் டிஸ்க்கைத் தொட்டதா என்று காத்திருக்காது. வேகத்துக்காக எடுத்த முடிவு, எனக்கு அது சரியாகவே படுகிறது. லட்சக்கணக்கான சின்னச் சின்ன கோப்புச் செயல்களுக்கு ஒவ்வொன்றாக டிஸ்க்குக்காகக் காத்திருந்தால் பில்ட் நகராது.  ஆனால் மெஷினே திடீரென அணைந்தால், கெர்னல் பேனிக் வந்தால், டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம். அல்லது கெடாமல், டிஸ்க்கில் உள்ள கோப்புகளைவிட ஒரு நிலை பின்தங்கி இருக்கலாம், அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் பார்த்தால் ஒழுங்காகத் தெரியும்.

இதற்கு பேக்கப் என்ற யோசனை உதவாது. யூபிஎஸ் இல்லாத பில்ட் மெஷின் பாதியில் அணைந்தால், ஒர்க் டைரக்டரிகள் எல்லாம் இருக்கும் அந்த டெம்ப் டைரக்டரியை முழுவதாக அழித்துவிட்டு எஸ்ஸ்டேட்டிலிருந்து மறுபடி கட்டுங்கள். ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

நகர்த்தினால்

நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது இந்த வகை. சிஐயில் நேரத்தை மிச்சப்படுத்த டெம்ப் டைரக்டரியை முழுவதாக டார் போட்டு கேஷில் வைத்துவிட்டு, அடுத்த ரன்னில் வேறொரு மெஷினில் விரிப்பார்கள். விரித்ததும் ஒவ்வொரு கோப்புக்கும் புது ஐநோட். டேட்டாபேஸில் இருப்பது பழைய எண்கள், பழைய டிவைஸ் எண். பழைய எண்ணில் இப்போது வேறு ஏதோ கோப்பு உட்கார்ந்திருக்கலாம். ஆர்சிங்க் போட்டாலும் இதே கதிதான், வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்தாலும் இதேதான்.

யோக்டோவில் சில காவல்கள் உண்டு. டெம்ப் டைரக்டரி என்எஃப்எஸ்ஸில் இருந்தால் ஆரம்பத்திலேயே மறுத்துவிடும். டெம்ப் டைரக்டரி இடம் மாறியிருந்தால், "பழைய இடத்துக்கே கொண்டுபோ, இல்லையென்றால் அழித்துவிட்டுக் கட்டு" என்று சொல்லும். ஆனால் இந்த இரண்டாவது காவல் பார்ப்பது பாத்தை மட்டும். அதே பாத்தில் விரித்தால் அது வாயைத் திறக்காது. சிஐ கன்டெய்னர்களில் பாத் எப்போதும் ஒன்றாகவே இருப்பதால் இந்த ஓட்டை வழியாக நிறையப் பேர் தெரியாமல் நுழைகிறார்கள். சூடோவிலேயே டேட்டாபேஸ் வரிசைகளை டிஸ்க்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது (பெரிய சி ஆப்ஷன்). சந்தேகம் வந்தால் ஓட்டிப் பாருங்கள், ஆனால் ஒத்துப்போகாத டேட்டாபேஸைக் கையால் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள்.

நகர்த்துவதற்கென்றே இருப்பவை டவுன்லோட் டைரக்டரியும் எஸ்ஸ்டேட்டும். எஸ்ஸ்டேட் ஏன் பத்திரமானது என்று பார்த்தால் சூடோ ஏன் அப்படி இல்லை என்பதும் புரியும். பேக்கேஜ் டாஸ்கின் வெளியீட்டை எஸ்ஸ்டேட்டில் வைக்கும்போது அது சூடோவுக்குள்ளேயே டார் போடப்படுகிறது. அந்த நொடியில் யூஐடி, ஜிஐடி, மோட் எல்லாம் டாரின் ஹெடருக்குள் போய்விடுகின்றன, கோப்பும் அதன் தகவலும் ஒரே பொட்டலத்தில். ஐநோட் என்ற பேச்சே அங்கே இல்லை. எழுதும்போதும் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகே நிஜப் பெயருக்கு வரும், அதனால் பாதி எழுதிய பொட்டலம் யாருக்கும் கிடைக்காது. பல மெஷின்கள் என்எஃப்எஸ் வழியாகப் பகிர்ந்துகொள்ளலாம், வேண்டுமானால் ஜிபிஜி கையொப்பமும் சேர்க்கலாம். ஒரு ரெசிப்பியிலிருந்து இன்னொன்றுக்கு, கடைசியாக இமேஜுக்கு, கோப்புகள் போவதும் இப்படித்தான். ஐபிகே, ஆர்பிஎம், டெப் என்று எதுவானாலும் ஆர்க்கைவுக்குள் உரிமையாளரோடு போகும். சூடோவின் டேட்டாபேஸ் ஒரு ரெசிப்பியின் வாசலைத் தாண்டுவதே இல்லை. அந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

பில்ட்ரூட் இந்தத் தலைவலியை வேறு விதமாகத் தவிர்க்கிறது. கட்டும்போது உரிமையாளர் யார் என்று அது கவலைப்படாது, எல்லாம் உங்கள் யூசருக்கே சொந்தம். கடைசியில் இமேஜ் போடும் நேரத்தில் மட்டும் ஒரு ஸ்கிரிப்டை உருவாக்கி ஃபேக்ரூட்டுக்குள் ஓட்டும். எல்லாவற்றையும் ரூட்டுக்கு மாற்று, டிவைஸ் டேபிளில் சொன்னபடி பர்மிஷன் போடு, யூசர்களைச் சேர், இமேஜை எழுது, முடிந்தது. தகவல் உயிரோடு இருப்பது அந்த ஸ்கிரிப்ட் ஓடும் நேரம் மட்டும், மூலம் ஒரு டெக்ஸ்ட் கோப்பு, கிட்டில் போடலாம். டார்கெட் டைரக்டரியில் "இது உங்கள் ரூட் ஃபைல்சிஸ்டம் அல்ல" என்ற பெயரிலேயே ஒரு கோப்பு கிடப்பதன் காரணம் இதுதான், அந்த டைரக்டரியில் உரிமைகள் உண்மையில் இல்லை. விலை என்னவென்றால், விசேஷ உரிமை தேவைப்படும் ஒவ்வொரு கோப்பையும் பேக்கேஜ் எழுதுகிறவர் டேபிளில் சொல்லியாக வேண்டும், மேக் இன்ஸ்டால் போட்ட உரிமை தானாக வராது.

காக்க வேண்டிய டேட்டாபேஸ் வேறு இருக்கிறது

இதுவரை சொன்னதைக் கேட்டு, யோக்டோவின் டேட்டாபேஸ் எல்லாமே அழிக்கக்கூடியது என்று நினைத்துவிடாதீர்கள். பிஆர் சர்வீஸ் என்று ஒன்று இருக்கிறது. ரெசிப்பியின் உள்ளீடு மாறும்போதெல்லாம் பேக்கேஜ் வெர்ஷனின் வால் எண்ணைத் தானாக ஏற்றுவது அது. லோக்கலாக ஓட்டினால் அதன் எஸ்கியூலைட் கோப்பு டாப் டைரக்டரிக்குக் கீழே "கேஷ்" என்ற ஃபோல்டரில் இருக்கும். பெயர் கேஷ், அதனால் இடம் போதவில்லை என்றால் முதலில் அதில்தான் கை வைப்பார்கள்! அது போனால் எண்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஃபீல்டில் இருக்கும் டிவைஸில் நிறுவிய பேக்கேஜின் எண் பெரிது, நீங்கள் இன்று கட்டியது சிறிது. டிவைஸில் பேக்கேஜ் நிறுவும் ஓபிகேஜி அதைப் புதியது என்று ஏற்காது. பாதுகாப்புத் திருத்தம் அனுப்பியிருப்பீர்கள், டிவைஸ் அப்கிரேட் ஆகவே ஆகாது, எரரும் வராது. பேக்கேஜ் ஃபீட் வழியாக அப்டேட் அனுப்புகிறவர்கள் இந்த ஒரு கோப்பை பில்ட் மெஷினை நம்பி விட்டுவைக்கக் கூடாது. பிட்பேக்-பிஆர்சர்வ்-டூல் கொண்டு எக்ஸ்போர்ட் செய்தால் டெக்ஸ்ட்டாக வரும், ஒவ்வொரு ரிலீஸுக்கும் அதை எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். இதில் ஐநோட் எதுவும் இல்லை, எங்கே கொண்டுபோனாலும் அர்த்தம் மாறாது.

சரி, இவ்வளவு செய்தும் இமேஜில் உரிமை தவறவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பில்ட் ஹிஸ்டரி கிளாஸைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு இமேஜுக்கும் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலை, மோட், உரிமையாளர், குரூப் சகிதம், ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி கிட்டில் கமிட் செய்துவிடும். பேக்கேஜ் வெர்ஷன் பின்னோக்கிப் போனாலும் சொல்லும். ரிலீஸுக்கு முன் பழைய கமிட்டோடு டிஃப் எடுங்கள். கோப்பின் அளவு மாறியதால் வரும் வரிகள் நிறைய இருக்கும், அவற்றைத் தள்ளிவிட்டு முதல் மூன்று நெடுவரிசைகளை, அதாவது மோட், யூசர், குரூப் மட்டும் மாறியவற்றைப் பிரித்தெடுக்க ஒரு சின்ன ஆக் ஸ்கிரிப்ட் போதும். அந்தப் பட்டியலில் வழக்கமாக ஒன்றும் இருக்காது. ஒரு வரி இருந்தாலும், அது எந்த ரெசிப்பியின் எந்த மாற்றத்தால் வந்தது என்று பெயர் சொல்லும் வரை நாங்கள் ரிலீஸ் டேக் போடுவதில்லை.